மாதம் 3 கன சென்டிமீட்டர்

ஒரு குழந்தையின் மூளையைச் சுருக்க என்னென்ன தேவை? கத்தி வேண்டாம், பிரம்பு வேண்டாம், விஷம் வேண்டவே வேண்டாம். ஒரு அரசாணை, அதைக் கண்காணிக்க ஒரு புள்ளிவிவரத் துறை, ஒரு பெரிய கூடம், அதில் வரிசையாக இரும்புக் கட்டில்கள். இவ்வளவு போதும். குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடலாம். மிச்ச வேலையைக் குழந்தையே முடித்துக்கொள்ளும்.

இந்த எளிய செய்முறையை ஒரு தேசம் முழுக்க நடத்திக்காட்டிய பெருமை, 1965 முதல் 1989 வரை ருமேனியாவை ஆண்ட நிக்கோலாய் சௌசெஸ்குவைச் சேரும். ‘கார்பாத்திய மலைகளின் மேதை’ என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. கொண்டாடாமல் பத்திரிகை நடத்த அங்கே வழி இல்லை.

மேதைக்கு ஒரு நாள் மக்கள்தொகை போதவில்லை என்று தோன்றியது. நாட்டில் இருந்ததோ சுமார் 1 கோடியே 90 லட்சம் பேர். 2000-க்குள் 3 கோடி ஆக வேண்டும் என்று முடிவு செய்தார். பிள்ளைகள் வேண்டும் என்று ஆசைப்பட்டார் என நினைத்துவிடாதீர்கள். அவர் ஆசைப்பட்டது எண்ணிக்கைக்கு. எண்ணிக்கை கூட வேண்டுமானால் நடுவில் பிள்ளை என்று ஒன்று பிறந்து தொலைக்க வேண்டியிருக்கிறது. அது இயற்கையின் நிர்வாகக் கோளாறு.

1966 அக்டோபரில் ஆணை எண் 770 வந்தது. 45 வயதுக்கு உட்பட்ட, நான்கு பிள்ளைகளுக்குக் குறைவாகப் பெற்ற பெண்களுக்குக் கருக்கலைப்பு தடை, விதிவிலக்குகள் சொற்பம். கருத்தடைப் பொருள்கள் கடைகளிலிருந்து மறைந்தன. 25 வயது தாண்டியும் பிள்ளை இல்லையா? ஆணோ பெண்ணோ, வரி கட்டு. 1980-களில் மருத்துவர்கள் தொழிற்சாலைகளுக்கே வந்து பெண்களை வரிசையில் நிறுத்தி, யார் கர்ப்பம், யார் இல்லை என்று சோதித்தார்கள். வயிற்றிலிருக்கும் கரு சமுதாயம் முழுவதற்கும் சொந்தமான சொத்து, பிள்ளை பெற மறுப்பவர் போர்க்களத்திலிருந்து ஓடிப்போனவருக்குச் சமம் என்பது தலைவரின் திருவாக்கு. உலகில் எந்த அரசும் ஒரு கருவை இவ்வளவு உருகி உருகிக் காதலித்ததில்லை. அந்தக் காதல் சரியாகப் பத்து மாதம் நீடித்தது. தொப்புள்கொடியை அறுத்ததும் அதுவும் அறுந்துபோயிற்று.

ஆணைக்குப் பலன் உடனே தெரிந்தது. 1966-இல் சுமார் 2 லட்சத்து 73 ஆயிரமாக இருந்த பிறப்புகள் 1967-இல் 5 லட்சத்து 27 ஆயிரத்தைத் தாண்டின. புள்ளிவிவரத் துறையில் அன்று யாராவது இனிப்பு கொடுத்திருப்பார்கள். அதே ஆணையின் இன்னொரு பலனை அந்தத் துறை அவ்வளவு உற்சாகமாக அச்சிடவில்லை. திருட்டுத்தனமாகக் கருவைக் கலைக்கப் போய் 1989 வரை ஏறத்தாழ 10,000 பெண்கள் செத்தார்கள். ஐரோப்பாவிலேயே அதிகமாகத் தாய்மார்கள் செத்த நாடு என்ற பெயரும் கிடைத்தது. அந்தப் பெண்களில் பலருக்கு வீட்டில் ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தன. பரவாயில்லை. பத்துப் பெற்று உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு ‘வீரத்தாய்’ பட்டம் தயாராக இருந்தது.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது நம்மூர் நம்பிக்கை. சௌசெஸ்கு மரம் வைக்கச் சொல்லி ஆணை போட்டுவிட்டுத் தண்ணீரை ஏற்றுமதி செய்தார். வெளிநாடுகளிடம் வாங்கிய 1,000 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனை 1980-களில் ஒரே மூச்சில் அடைக்கக் கிளம்பினார். இறைச்சியும் தானியமும் கப்பலேறின. சொந்த மக்கள் ரொட்டிக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றார்கள். பனிக்காலத்தில் வீடுகளுக்குச் சூடு இல்லை, விளக்குக்கு மின்சாரம் இல்லை. ஆனால் 1984-இல் தலைநகர் புக்கரெஸ்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளோடு ஒரு மாளிகை எழும்பத் தொடங்கியது. அதற்குப் பெயர் ‘மக்கள் இல்லம்’. மக்கள் அதன் வாசல்படியைக்கூட மிதிக்க முடியாது என்பது தனி விஷயம்.

நான்காவதையும் ஐந்தாவதையும் பெற்றுவிட்டு, எப்படிச் சோறு போடுவது என்று திகைத்து நின்ற பெற்றோருக்கு அரசு பெருந்தன்மையோடு ஆறுதல் சொன்னது: உங்களால் முடியாவிட்டால் எங்களிடம் கொடுங்கள், உங்களைவிட நாங்கள் நன்றாக வளர்ப்போம். கொடுத்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு விடுதிகளில் இருந்தார்கள். ‘அநாதைகள்’ என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அவர்களில் பெரும்பாலோருக்கு அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருந்தார்கள். அநாதை ஆக்குவதற்குப் பெற்றோர் சாக வேண்டும் என்ற பழைய சம்பிரதாயத்தையும் மேதை ஒழித்திருந்தார்.

வளர்ப்பு எப்படி நடந்தது என்று உள்ளே போய்ப் பார்க்கலாம்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் கூடம். ஒரு ஆயாவுக்கு 12 முதல் 15 குழந்தைகள். பால் நேரம் வந்தால் ஆயா புட்டியைக் கொண்டுவந்து போர்வை மடிப்பில் சாய்த்து, ரப்பரைக் குழந்தையின் வாயில் திணித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். புட்டி நழுவினால் அடுத்த பால்நேரம் வரை நழுவியதுதான். துணி மாற்றுவது கடிகாரத்தைப் பார்த்து. நனைந்ததைப் பார்த்து அல்ல. மொட்டையடித்த தலைகள், யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சட்டைகள். கொஞ்சம் வளர்ந்தவர்களை வரிசையாகச் சட்டிகளின்மேல் உட்கார வைப்பார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வர வேண்டும், அதுவும் திட்டப்படி. மற்ற நேரமெல்லாம் மேற்கூரை. மல்லாந்தே கிடந்து பின்மண்டை தட்டையாகிப் போன குழந்தைகள், தங்கள் கையைத் தாங்களே முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும். யாரும் ஆட்டாத தொட்டிலைத் தானே ஆட்டிக்கொள்ளும் சாமர்த்தியம்.

கூடம் அமைதியாக இருந்தது என்று போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். இத்தனை குழந்தைகள், அழுகைச் சத்தமே இல்லை. ஒழுக்கமான குழந்தைகள் என்று அதிகாரிகள் பெருமைப்பட்டிருக்கலாம். அழுதால் ஆள் வரும் என்று தெரிந்த குழந்தைதான் அழும். பல நாள் அழுது பார்த்து, யாரும் வராமல், கடைசியில் அந்த வேலையையே விட்டுவிட்ட குழந்தைகள் அவர்கள்.

ஆயாவைத் திட்டிப் பயனில்லை. அவளுக்கும் இரண்டு கைதான். ஷிஃப்ட் முடிந்ததும் ரொட்டி வரிசையில் போய் நிற்க வேண்டியவள். ஒரு ஆயாவுக்கு 15 குழந்தை என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவனின் கை எதிலும் நனையவில்லை, அதுதான் விஷயம்.

இனி அந்தத் தட்டையான மண்டைக்குள் என்ன நடந்தது என்று பார்க்கலாம். பிறக்கும்போது மனித மூளை அரைகுறைக் கட்டடம். முதல் சில ஆண்டுகளில் நொடிக்குப் பத்து லட்சம் என்ற வேகத்தில் நரம்பணுக்களுக்கு இடையே புதிய இணைப்புகள் உண்டாகின்றன. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதைத் தீர்மானிப்பது புழக்கம். குழந்தை ‘ங்கா’ என்கிறது. யாரோ குனிந்து ‘என்னடா தங்கம்’ என்கிறார்கள். குழந்தை சிரிக்கிறது, எதிரே ஒரு முகமும் சிரிக்கிறது. பாட்டிமார்கள் வேலைவெட்டி இல்லாமல் செய்வதாக நாம் நினைக்கும் இந்தக் கொஞ்சலில்தான் மொழிக்கும் உணர்ச்சிக்கும் சிந்தனைக்கும் வேண்டிய கம்பிகள் இழுக்கப்படுகின்றன. பதில் வராத பக்கத்தின் கம்பிகளை மூளை தானே அறுத்துவிடும். மூளைக்கு வீண்செலவு பிடிக்காது. அந்த ஒரு குணத்தில் மட்டும் அது சௌசெஸ்குவைப் போல.

அடுத்தது பயம். பசியோ வலியோ வந்தால் உடம்பில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும். யாராவது தூக்கித் தோளில் போட்டுத் தட்டினால் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைக் குழந்தை தன்னந்தனியாகச் சமாளிக்க முடியாது. அதற்கு இன்னொருவர் உடம்பு வேண்டும். நம் எல்லாருக்கும் கார்டிசால் காலையில் உயர்ந்து நின்று இரவுக்குள் தாழும். 1990-களில் ருமேனியாவின் யாஷ் நகரத்து விடுதிக் குழந்தைகளின் எச்சிலை ஆய்வாளர்கள் மேரி கார்ல்சனும் ஃபெல்டன் எர்ல்ஸும் சோதித்தபோது அந்தக் காலை உயர்வையே காணவில்லை. ரேகை தட்டையாகக் கிடந்தது. விடிந்தாலும் இருண்டாலும் ஒன்றுதான் என்று அந்த உடம்புகள் முடிவு கட்டியிருந்தன.

இப்படிக் கிடந்த குழந்தைக்கு மூன்று வயது ஆனதும் அரசு பரீட்சை வைத்தது. ஆம், பரீட்சை. பேசாமல், நடக்காமல், முகம் பார்க்காமல் இருக்கும்படி மூன்று வருடம் பாடம் நடத்திவிட்டு, ஏன் பேசவில்லை, ஏன் நடக்கவில்லை என்று மருத்துவக் குழு கேட்டது. தேறியவர்கள் ஒரு விடுதிக்கு. தேறாதவர்களுக்குக் கோப்பில் ‘மீட்க முடியாதவர்’ என்று முத்திரை. முத்திரை விழுந்தவர்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமான ‘இல்ல மருத்துவமனை’களுக்குப் போனார்கள். அவற்றில் ஒன்று 1987-இல் திறந்த சிகிட். அங்கே இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் குளிரிலும் பசியிலும் நோயிலும் மடிந்தார்கள். மீட்க முடியாதவர் என்று எழுதியது தப்பில்லை. யாரை எழுத வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டுக் குழந்தையின் கோப்பில் எழுதியதுதான் தப்பு.

நோஞ்சானாக இருந்த குழந்தைகளுக்கு அரசு வைத்தியமும் உண்டு: கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஏற்றுவது. சோதிக்காத ரத்தம், திரும்பத் திரும்ப அதே ஊசி. சோறும் மடியும் கேட்ட குழந்தைகளுக்கு எய்ட்ஸ் கிடைத்தது, ஆயிரக்கணக்கில்.

அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். 1945-லேயே மருத்துவர் ரெனே ஸ்பிட்ஸ், சுத்தமான விடுதியில் வேளாவேளைக்குப் பால் கிடைத்தும் தூக்க ஆளில்லாத குழந்தைகள் வாடிப்போவதையும் சாவதையும் எழுதிவிட்டார். 1951-இல் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி இதையே உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கையாகக் கொடுத்தார். ஆணை 770 வந்தது அதற்கும் 15 ஆண்டுகள் கழித்து. ருமேனிய அரசு அறியாமையில் இருக்கவில்லை. அறியாமையை ஏற்பாடு செய்துகொண்டது. 1969-இல் சமூகப்பணிப் படிப்பை நிறுத்தினார்கள்: சோஷலிச நாட்டில் சமூகப் பிரச்சினை ஏது? 1977-இல் பல்கலைக்கழகங்களில் உளவியல் படிப்பையும் மூடினார்கள்: மேதையின் நாட்டில் மனத்துக்கு என்ன நோய் வரப்போகிறது? நாட்டின் அறிவியல் மன்றத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? மேதையின் மனைவி எலெனா. வேதியியல் டாக்டர். அவர் பெயரில் வந்த கட்டுரைகளை எழுதியவர்கள் வேறு. ‘தேசத்தின் தாய்’ என்ற பட்டமும் அவருக்கு இருந்தது. இதற்கான கட்டுரைகளை யார் எழுதிக் கொடுத்தார்களோ.

ஆட்சி கவிழ்ந்ததும் தொலைக்காட்சிக் கேமராக்கள் உள்ளே போயின, உலகம் அழுதது. அடுத்த ஒன்றரை ஆண்டில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள். நல்ல மனம் படைத்தவர்கள் வந்தார்கள், கூடவே தரகர்களும் வந்தார்கள். நேற்று வரை அரசுச் சொத்தாக இருந்த குழந்தை ஒரே இரவில் சந்தைச் சரக்கானது. ஒரு சித்தாந்தம் போய் இன்னொரு சித்தாந்தம் வந்ததன் அடையாளம் அது.

இங்கிலாந்துக்குத் தத்துப் போன 165 குழந்தைகளை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதத்துக்குள் விடுதியைவிட்டு வெளியேறியவர்கள் பெரும்பாலும் தேறிவிட்டார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்குக் கவனச்சிதறலும் பழகுவதில் சிக்கலும் வயது வந்த பிறகும் நீடித்தன. ஐந்தில் ஒருவர் அதையும் மீறி எந்தக் குறையும் இல்லாமல் எழுந்து நின்றார்கள். அந்தப் பெருமை முழுக்க அவர்களுக்கும் அவர்களை வளர்த்தவர்களுக்கும். அந்த 165 பேரில் 67 பேரின் மூளையை இருபது வயதுகளில் ஸ்கேன் செய்து பார்த்த முடிவு 2020-இல் வந்தது. இங்கிலாந்திலேயே பிறந்து தத்துப் போனவர்களோடு ஒப்பிட்டால் மூளையின் கனஅளவு 8.6 சதவீதம் குறைவு. விடுதியில் கழிந்த ஒவ்வொரு கூடுதல் மாதத்துக்கும் சுமார் 3 கன சென்டிமீட்டர். நல்ல உணவும் பள்ளிக்கூடமும் அன்பான வீடும் இருபது ஆண்டுகள் கிடைத்த பிறகும் மிஞ்சியிருக்கும் பற்றாக்குறை இது. வெளிநாட்டுக் கடனை மேதை அடைத்துவிட்டார். இந்தக் கடன் அந்தப் பிள்ளைகளின் தலைமேல், தலைக்குள்ளேயே நிற்கிறது.

இன்னொரு ஆய்வு புக்கரெஸ்டிலேயே நடந்தது. 2000-இல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்கர்கள் ஆறு விடுதிகளிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பம், பாதிப் பேர் விடுதியில், தீர்மானித்தது குலுக்கல். வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே அங்கே பேருக்குத்தான் இருந்தது. ஆய்வுக் குழுவே குடும்பங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று ஆய்வாளர்கள் தங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறன் ஏறியது, மூளையின் மின்னலைகள் சீர்பட்டன. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம். விடுதியிலேயே இருந்தவர்கள் பின்தங்கினார்கள். ஸ்கேனில் விடுதியில் வாழ்ந்த எல்லாருக்கும் மூளையின் சாம்பல்நிறப் பகுதி குறைந்திருந்தது. வெண்பகுதி மட்டும் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு மீண்டு வந்திருந்தது.

ஆய்வாளர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. குழந்தைக்கு மடி வேண்டும் என்பதை ஓர் அரசுக்குப் புரியவைக்கக் குலுக்கல் முறை ஆய்வும் மூளை ஸ்கேனும் தேவைப்பட்டதே, அந்த அரசின்மேல்தான் கோபம். எந்தக் குக்கிராமத்துக் கிழவியும் சம்பளம் வாங்காமல் சொல்லியிருப்பாள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை விடுதியில் போடக்கூடாது என்று ருமேனியா சட்டம் போட்டது 2004-இல். கடும் ஊனமுள்ள குழந்தைகளுக்கு மட்டும் அதிலும் விலக்கு. மடி யாருக்கு மிக அவசியமோ அவர்களைப் பார்த்து விலக்கினார்கள்.

‘சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும், வளர்ந்தால் மறந்துவிடும்’ என்று நம் வீடுகளிலும் சொல்வதுண்டு. பிள்ளை மறந்துவிடும்தான். மூளை மறக்காது. நினைவு தொடங்குவதற்கு முன்பே நடந்தது என்பதால் புகார் கொடுக்கக்கூட அந்தப் பிள்ளையிடம் ஒரு வாக்கியம் இருக்காது. குற்றம் செய்பவனுக்கு இதைவிட வசதியான சாட்சி கிடைக்குமா?

1989 கிறிஸ்துமஸ் அன்று துர்கோவிஷ்டே ராணுவ முகாமில் சௌசெஸ்குவையும் எலெனாவையும் ஒரு மணி நேரம் விசாரித்துச் சுட்டுக்கொன்றார்கள். இனப்படுகொலை, பொருளாதாரத்தைச் சீரழித்தது, வெளிநாட்டில் பணம் பதுக்கியது என்று குற்றப்பட்டியல் வாசித்தார்கள். அதில் இந்தக் குழந்தைகள் இல்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கலாம். அல்லது, குழந்தைகளைக் கட்டிலில் கிடத்தி வைத்திருந்தது ஒரு குற்றம் என்று அறையில் இருந்த எவருக்குமே தோன்றாமலும் போயிருக்கலாம்.

மேதை போய்விட்டார், எண்ணிக்கை ஆசை போகவில்லை. 2022-இல் ரஷ்யாவில் புதின், பத்துப் பிள்ளை பெறும் தாய்க்குப் பட்டமும் பத்து லட்சம் ரூபிளும் தரும் பழைய சோவியத் பரிசைத் தூசு தட்டி எடுத்தார். அதே ஆண்டு அவர் தொடங்கிய போரில் தாய்மார்களின் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். நம்மூரிலும் 2024 அக்டோபரில், தொகுதி மறுவரையறையில் எம்.பி. இடங்கள் குறைந்துவிடும் என்ற கவலையில், சென்னையில் நடந்த திருமண விழாவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று பாதி வேடிக்கையாகக் கேட்டார். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு வேடிக்கையாகக்கூட இல்லாமல், இரண்டுக்கு மேல் பெற்றவரே உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் கொண்டுவரப் போவதாகப் பேசினார். இவர்கள் யாரும் சௌசெஸ்கு இல்லை; யார் வயிற்றையும் சோதிக்க ஆள் அனுப்பவில்லை. தொகுதிக் கவலையும் நியாயமானதுதான். ஆனாலும் பிள்ளையைத் தலைக்கட்டாகவும் தொகுதியாகவும் படையாகவும் பார்க்கும் கண், பிறந்த பிறகு அதைப் பிள்ளையாகப் பார்க்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஆகவே மேடையில் யாராவது ‘இன்னும் பெறுங்கள்’ என்றால், கைதட்டுவதற்கு முன் எழுந்து நின்று கணக்குக் கேளுங்கள். கணக்குப் பிரியர்களுக்குக் கணக்கிலேயே கேட்டால்தான் உறைக்கும். பேறுகால விடுப்பு எத்தனை மாதம், தினக்கூலிக்காரிக்கும் அது உண்டா? காப்பகத்தில் ஒரு ஆயாவுக்கு எத்தனை குழந்தை? அந்த ஆயாவுக்கு என்ன சம்பளம்? பதில் இல்லையென்றால், அவர் கேட்பது பிள்ளை இல்லை என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள். கையை மட்டும் தட்டாதீர்கள்.